குளிர்பெட்டிக்குள் ஒரு கீரைப்பாத்தி

என் சித்தப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் பால் திரியாமல் இருப்பதற்குத் தாமே காரணம் என்று அவர் நம்புகிறார். அது ஓரளவு உண்மையும்தான். ஆனால் அவர் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ஒரு மர ஸ்டூலின் தயவில்தான் மூடியிருக்கிறது. ஸ்டூலை முட்டுக் கொடுக்காவிட்டால் கதவு மெல்லத் திறந்து சமையலறையை எட்டிப் பார்க்கும். புது ரப்பர் பட்டை வாங்கிவந்து மூன்று பக்கம் மாட்டியும்விட்டார். நான்காவது பக்கத்துக்கு வருவதற்குள் யாரோ போனில் கூப்பிட்டுவிட்டார்கள். இது நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது.

அவரைச் சோம்பேறி என்று சொன்னால் வாய் வெந்துவிடும். பிறர் வீட்டு வேலை என்றால், கழற்றிய திருகாணியைத் துடைத்து மாட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ஒட்டடையையும் தட்டிவிட்டுத்தான் கிளம்புவார். தன் வீட்டு வேலைகளில்தான் சிக்கல். முக்கால் தூரம் போனதும் முடிவு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அங்கே எதற்குப் போவானேன் என்று தோன்றிவிடும். எங்கள் ஹாலில் மூன்று சுவர் வெள்ளை, ஒன்று பழைய மஞ்சள். ஒரு கோடையில் நீச்சல் கற்றுக்கொண்டார். குளத்தின் அந்த முனைவரை போக வரும், திரும்பி வருவதற்குள் வகுப்பை விட்டுவிட்டார். இப்போதும் நீந்தினால் அக்கரையில் ஏறித் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்துதான் இந்தப் பக்கம் வருவார்.

சித்தியின் அக்கா சித்தப்பாவுக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்திருந்தார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறேன். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

"முக்கால் வந்தாச்சா?" என்று மாடிப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார்.

"முழுசா வந்திருக்கேன்கா. வேணும்னா எண்ணிப் பாருங்க" என்று சித்தப்பா கை கால்களை நீட்டிக் காட்டுவார்.

சித்தி பள்ளிச் சீருடைகள் தைக்கிறார். தையல் மெஷின் முன்பு சின்ன அறையில் இருந்தது. எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்ததும் அந்த அறை எனக்கு வந்தது, மெஷின் சமையலறைக்குப் போனது. சித்தி ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை திரும்பி வந்தது. அதன் முதுகில் வறுத்த பூண்டு வாசனை அடிப்பதாகப் புகார். அன்று சித்தி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் நீளம் அகலம் அளந்தார். சுற்றிலும் கண்ணாடி வைத்து அடைத்தால் மெஷின், வெட்டும் மேசை, துணி அடுக்க ஓர் அலமாரி, எல்லாம் அடங்கும். நல்ல வெளிச்சம். அவர் அளந்துவிட்டு உள்ளே வந்த நேரம்தான் சித்தப்பாவும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

ரத்தம் குறைவு, கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சித்தி சந்தையிலிருந்து பாலக்கீரை வாங்கிவந்து மூன்று தண்ணீரில் அலசிச் சமைத்தார். அப்படியும் முதல் வாயிலேயே சித்தப்பாவின் பல்லிடுக்கில் நறநறவென்றது.

"இது கீரையா, சிமென்ட் கலவையா?"

"மண்ணுல முளைச்சா மண்ணு இருக்கத்தான் செய்யும்" என்றார் பெரியம்மா.

"நானே வளர்க்கிறேன் பாருங்க. பால்கனியில. வருஷம் பூரா. மழையோ வெயிலோ, இந்த வீட்டுல கீரை நிக்காது!"

சித்தியின் கழுத்தில் இன்னும் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நிதானமாகக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வருஷம் பூராவா?"

"வருஷம் பூரா."

"முக்கால் வருஷம் இல்லையே?"

பெரியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சித்தப்பாவின் காது சிவந்தது. பேச்சு அங்கிருந்து எப்படியோ பந்தயத்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் எல்லோர் தட்டிலும் வீட்டுக் கீரை இருக்கவேண்டும். ஒரு வருடம் தவறாமல் இருந்தால் பால்கனி சித்தப்பாவுக்கு, இனி யாரும் அதில் ஆணி அடிக்கக்கூடாது. ஒரு வாரம் தவறினாலும் பால்கனி தையல் அறை.

"யாரு தீர்ப்பு சொல்றது? அக்கா உன் பக்கம்" என்றார் சித்தப்பா.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"இவ சொல்லட்டும். இவ வாயைத் தொறக்கவே மாட்டா. தொறந்தா பொய் வராது" என்றார் சித்தி. நான் வாயைத் திறக்காததால் அதுவே சம்மதம் ஆயிற்று.

விதைக்கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் சித்தப்பாவைப் பார்த்ததுமே ஆளை எடைபோட்டுவிட்டார்.

"முதல் தடவைங்களா? தண்டுக்கீரை போடுங்க. கண்ணை மூடிக்கிட்டு வளரும்."

"வேணாம். பாலக்."

"சார், அது குளிர்ல கும்முனு வரும். வெயில் வந்தா கோச்சுக்கும். கொடிப்பசலை எடுத்துக்குங்க, வெயிலைத் தின்னே வளரும்."

"சுலபமானதை எவன் வேணா வளர்ப்பான். பாலக் குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது குளிர்காலம் தொடங்கியிருந்தது, அதனால் கீரை சித்தப்பாவை முதலில் ஏமாற்றியது. விதைகளை இரவு ஊறவைத்து, அகலமான தொட்டிகளில் தேங்காய் நார்த்தூளும் எருவும் கலந்து விதைத்தார். மண் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். ஒரே நாளில் எல்லாம் விதைத்தால் ஒரே நாளில் எல்லாம் தீரும் என்பதால், ஒரு தொட்டி முளைத்ததும் அடுத்தது, அது முளைத்ததும் அடுத்தது என்று வரிசையாக விதைத்துக்கொண்டே போனார். நடுக்குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் செடி மறுபடி மறுபடி கொடுக்கும் என்று கண்டுகொண்டார். கண்டுகொண்ட நாளில் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனாலும் முதல் சில வாரங்கள் இழுபறிதான். முதல் அறுவடையில் ஆளுக்கு ஓர் இலை வந்தது. சித்தப்பா அதைத் தட்டின் நடுவில் பதக்கம்போல வைத்தார்.

"இது கீரையா, அலங்காரமா?" என்றார் பெரியம்மா.

"தட்டுல கீரை இருக்கணும்னுதானே பேச்சு? இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இருக்கு" என்றேன். அது சட்டப்படி சரி. ஆனால் சித்தியின் முகத்தைப் பார்த்ததும், "அடுத்த வாரத்திலிருந்து ஒரு கரண்டி" என்று சேர்த்துச் சொன்னேன். அடுத்த வாரம் சித்தப்பா டப்பாவிலிருந்து தேநீர்த்தூள் போடும் கரண்டியை எடுத்துவந்தார். குழம்புக் கரண்டி என்று தீர்ப்பைத் திருத்தவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கரண்டி நிறையவே வந்தது, வழிந்தும் வந்தது. கீரை வதக்கல், கீரை போட்ட முட்டை, கீரையும் பருப்பும், கீரையும் உருளைக்கிழங்கும். என் அலுவலக டப்பாவைத் திறந்தாலே பக்கத்து மேசைக்காரி, "இன்னைக்கும் பச்சையா?" என்று கேட்க ஆரம்பித்தாள். மருத்துவர் ரத்தம் ஏறிவிட்டது என்றார். சித்தப்பா பால்கனிக்குப் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டத்தைப் பார்வையிட வந்த பிரமுகர்போல நடக்கத் தொடங்கினார். மூன்றடி நடந்தால் பால்கனி தீர்ந்துவிடும், திரும்பி நடப்பார்.

சித்தி சமையலறையில், அடுப்புக்கும் கழுவும் தொட்டிக்கும் நடுவில், முழங்கை இடிக்கத் தைத்துக்கொண்டிருந்தார். வெயில் வரட்டும் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

வெயில் வந்தது. ஒரு காலை சித்தப்பா பால்கனியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். போய்ப் பார்த்தால், பெரிய தொட்டியில் ஒரு செடி நடுவில் நெடுநெடுவென்று தண்டு விட்டு நின்றது. உச்சியில் கடுகு கடுகாக ஏதோ.

"பூக்கப் போகுது" என்றார், வீட்டில் யாரோ சொல்லாமல் ஓடிப்போகத் திட்டமிட்டதுபோல.

பாலக்கீரை பூத்தால் அதோடு கதை முடிந்தது. இலை சிறுத்து, கூர்மையாகி, கசந்துவிடும். வெயில் ஏறியதும், இனி பிழைக்க முடியாது, விதையையாவது விட்டுவிட்டுப் போவோம் என்று செடி முடிவுகட்டிவிடுகிறது. சித்தப்பாவுக்கு இது புரிந்தது, ஆனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "இவ்வளவு பார்த்துக்கிட்டேனே, என்ன குறை வெச்சேன்?" என்று செடியைப் பார்த்தே கேட்டார்.

அதன் பிறகு எங்கள் வீடு கீரைக்காக வாழத் தொடங்கியது. முதலில் நிழல். சித்தப்பா பால்கனியில் குறுக்கே துணி கட்டினார். மறுநாள் சித்தி அவசரமாக எண்ணிப்பார்த்தபோது பாவாடைக்கு வாங்கிவைத்திருந்த பச்சைத் துணியில் ஒரு பெரிய துண்டைக் காணவில்லை. பால்கனியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது மூணாங்கிளாஸ் பொண்ணுங்களுக்குத் தைக்க வெச்சிருக்கேன்!"

"கீரைக்கும் பச்சை பிடிக்கும்னு நினைச்சேன்."

பிறகு ஐஸ். காலையும் மாலையும் தொட்டிகளில் பனிக்கட்டி போட்டார். "கீரைக்கு ஐஸ் தண்ணி, கட்டின பொண்டாட்டிக்குக் குழாய்த் தண்ணியா?" என்று சித்தி கேட்டபோது, உண்மையிலேயே யோசித்துவிட்டு, "உனக்கும் ரெண்டு கட்டி போடவா?" என்றார்.

சூட்டில் விதையும் முளைக்க மறுத்தது. ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் விதை குளிர்காலம் என்று ஏமாந்து முளைவிடும் என்று கண்டுபிடித்தார். அந்த டப்பாவைப் பெரியம்மா ஒரு மாலை திறந்து, ஏதோ ஊறவைத்த பயறு என்று நினைத்து உப்புப் போட்டு ஒரு வாய் தின்றுவிட்டார். சித்தப்பா அழாத குறை.

"ஒரு தொட்டி கீரைக்கா அது!"

"அதான் வயித்துல என்னவோ துளிர்க்கிற மாதிரி இருக்கு" என்றார் பெரியம்மா.

வீட்டில் குளிர்ச்சியான இடம் குளியலறைதான். தொட்டிகள் அங்கே போயின. சன்னல் திட்டில், தண்ணீர் டிரம்மின் மூடிமேல், கதவுக்குப் பின்னால், எங்கும் கீரை. சோப்பு தெறிக்காமல் குளிக்கவேண்டும் என்று உத்தரவு. நான் இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்று குளிக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் அங்கே வெளிச்சம் இல்லை, செடிகள் வெளுத்து, சன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அந்த ஞாயிறு கரண்டியைத் தலைதட்டித்தான் நிரப்ப முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறைப் பற்றிச் சித்தி கேட்கக்கூட இல்லை. கண்ணாடி வேலை செய்பவரை வரச்சொல்லிப் பால்கனியை இன்னொரு முறை அளக்கவைத்தார்.

அன்றுதான் சித்தப்பா தெருமுனைச் சோடாக் கடையின் பழைய குளிர்பெட்டியோடு வந்தார். ஆள் உயரம், முன்னால் முழுக் கண்ணாடிக் கதவு, உள்ளே தட்டுத்தட்டாக வலை. கடைக்காரர் புதிது வாங்கியதால் பழையதைத் தூக்கிப்போட இருந்தார். நான்கு பேர் சுமந்து மாடியேற்றி ஹாலில் சன்னலோரம் வைத்தார்கள்.

"யாரு கேட்டா இதை?" என்றார் சித்தி.

"பாரு. உள்ளே குளிர் இருக்கு. லைட் இருக்கு. கண்ணாடி இருக்கு. இது ஃபிரிட்ஜ் இல்லம்மா. இது குளிர்காலம்!"

அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் குளிரைச் சரிசெய்த மனிதர், தன் வீட்டு ஹாலில் ஒரு பருவத்தையே கொண்டுவந்து சுவரில் செருகி ஓட்டிவிட்டார். கம்ப்ரசரைப் பிரித்து மாட்டினார், குளிரூட்டும் வாயு நிரப்பினார், தட்டுகளுக்கு மேலே வெள்ளை விளக்குகளை வரிசையாகக் கட்டினார். தட்டுக்குத் தட்டு தொட்டிகள் ஏறின. சில நாட்களில் கண்ணாடிக்குப் பின்னால் கீரை கரும்பச்சையாக, தடித்த இலைகளோடு, அலட்சியமாக வளர்ந்தது. வெளியே ரோட்டில் தார் உருகியது.

ஒரே ஒரு வேலைதான் மிச்சம். அந்தப் பெட்டியில் குளிரை அளந்து தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போயிருந்தது. சித்தப்பா அதைக் கழற்றிவிட்டு, தற்காலிகமாகச் சுவிட்சில் நேராக இணைத்திருந்தார். சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தவேண்டும், பிறகு மறுபடி போடவேண்டும். "நாளைக்கு வாங்கி மாட்டிடறேன்" என்றார். அதுவரை வீட்டில் இருப்பவர்களெல்லாம் தெர்மோஸ்டாட். சித்தி சட்டைக்குக் காலர் வைக்கும்போது எழுந்துபோய் நிறுத்துவார், பொத்தான் தைத்துவிட்டு எழுந்துபோய்ப் போடுவார்.

விருந்தாளிகள் வந்தால் சோடா இருக்கும் என்று நேராகப் போய்க் கதவைத் திறப்பார்கள். "கதவு! கதவு!" என்று சித்தப்பா பாய்வார். "குளிர் வெளியே போகுது!" கட்டடத்துக் குழந்தைகள் கூட்டமாக வந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக் கீரையைப் பார்ப்பார்கள். பெரியம்மாகூட, ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்வதை நான் கவனித்திருக்கிறேன்.

இப்படியாக வெயிலின் உச்சம் கழிந்து, ஞாயிறுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசி ஞாயிறும் வந்தது. அது முடிந்தால் வருடம் முடியும். இந்த முறை குளிர் வரத் தாமதமாகி, வெயில் இன்னும் விட்டபாடில்லை.

முந்தின மாலை சித்தியும் நானும் சீருடைகளைக் கொடுத்துவிட்டு வரப் பள்ளிக்குப் போயிருந்தோம். திரும்பிவந்து சாப்பிட்டுப் படுத்தோம். நாங்கள் இல்லாதபோது சித்தப்பா குளிர்பெட்டியை ஓடவிட்டிருந்தார், நிறுத்துவதற்குள் ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து அவசர அழைப்பு வந்து ஓடினார். அவர் நாங்கள் நிறுத்துவோம் என்று நினைத்தார், நாங்கள் அவர் நிறுத்தியிருப்பார் என்று நினைத்தோம். அவர் வேலை முடித்துத் திரும்பும்வரை அது விடிய விடிய ஓடியது.

காலையில் நான் எழுந்து வந்தபோது கண்ணாடிக் கதவு முழுக்க வெண்பனி. சித்தப்பா அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விரலால் ஒரு வட்டம் துடைத்து உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். இலைகள் விறைத்து, தகடு தகடாக, வெள்ளைப் பொடி தூவினாற்போல நின்றன. அவர் கதவைத் திறந்து ஓர் இலையைத் தொட்டார். அது பிஸ்கட்போல ஒடிந்தது.

அவர் சுவிட்சை நிறுத்தினார். வாயில் விரலை வைத்து என்னிடம் சைகை காட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பையோடு வெளியே போனார்.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால், சித்தி கழுவும் தொட்டிப் பக்கம் வந்தபோது, சித்தப்பா அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு கீரை அலசிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் அவர் கீரையை அலசி நாங்கள் பார்த்ததில்லை. பெரியம்மாவும் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்.

"என்ன இன்னைக்கு இவ்வளவு அக்கறை?" என்று சித்தி எட்டிப்பார்த்தார். பிறகு கையை விட்டு ஒரு கட்டுக் கீரையை வெளியே எடுத்தார். அதன் வேர்ப்பக்கத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

"ஏங்க, நம்ம செடி ரப்பர் பேண்டோடயா முளைக்குது?"

சித்தப்பா அந்த ரப்பர் பேண்டை, தன்னைக் காட்டிக்கொடுத்த நண்பனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏமாத்தறதைக்கூட முழுசா செய்யத் தெரியலையே உங்களுக்கு!" என்று பெரியம்மா நாற்காலியில் விழுந்து சிரித்தார். "முக்கால் மோசடி!"

சித்தி சிரிக்கவில்லை. சித்தப்பா ஈரக்கையோடு ஹாலுக்கு வந்து, குளிர்பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி பூரா ஓடியிருக்கு. எல்லாம் உறைஞ்சு போச்சு" என்றார். "தப்பு என்னோடதுதான். அந்தத் தெர்மோஸ்டாட் இன்னும் என் பையிலதான் கிடக்கு. எப்பவோ வாங்கிட்டேன். மாட்டல." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "பால்கனியை எடுத்துக்கோ. கண்ணாடிக்காரனை நாளைக்கே வரச்சொல்லு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்பாடா" என்றார் பெரியம்மா. "ஒரு வருஷம் பச்சையாவே தின்னு என் நாக்கே இலை மாதிரி ஆயிடுச்சு. வா, டேப்பை எடு."

சித்தி டேப்பை எடுக்கவில்லை. குளிர்பெட்டியின் கதவைத் திறந்தார். பனி இதற்குள் உருகியிருந்தது. விறைப்பு போய் இலைகள் ஈரத்துணிபோலத் துவண்டு, கரும்பச்சையாகத் தொட்டிகளின் விளிம்பில் சாய்ந்து கிடந்தன. அவர் ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார், நுனியைக் கடித்தார். பிறகு சமையலறையிலிருந்து பாத்திரத்தையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து வெட்டத் தொடங்கினார்.

"என்ன பண்றே?" என்றார் பெரியம்மா.

"சமைக்கப் போறேன்."

"வாடிப் போனதையா?"

"வாணலியில போட்டா எப்படியும் வாடத்தானே போகுது. கொஞ்சம் முன்னாடியே வாடியிருக்கு. அவ்வளவுதான்."

"அடியேய், பால்கனி தானா வந்து கையில விழுது. தட்டி விடறியா? உனக்கென்ன பைத்தியமா?"

சித்தி வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "இந்தக் கீரைக்காகப் பாத்ரூமுல ஒத்தைக்கால்ல நின்னிருக்கேன்கா. ஓடி ஓடிச் சுவிட்சு போட்டிருக்கேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் ஒரு காரியத்தை முழுசா முடிச்சு நான் பார்த்ததே இல்ல. இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு தடவை பார்த்துட்டுப் போறேனே."

சித்தப்பா தரையிலிருந்தபடியே தலையை நிமிர்த்தி சித்தியைப் பார்த்தார். கம்ப்ரசர் திடீரென்று பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

நாங்கள் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி குழம்புக் கரண்டியால் எல்லோருக்கும் கீரை வைத்தார். பூண்டு மட்டும் போட்டு வதக்கியிருந்தார். நான் ஒரு வாய் எடுத்தேன். இனித்தது. சர்க்கரை போட்ட இனிப்பு இல்லை, இளம் பட்டாணியில் இருக்குமே, அந்த மாதிரி. கடுங்குளிர் பட்டால் பாலக்கீரை தன்னைக் காத்துக்கொள்ள இலையில் இனிப்பைச் சேர்த்துக்கொள்ளும் என்று பிறகு எங்கோ படித்தேன். அன்று அது யாருக்கும் தெரியாது. பெரியம்மா முகத்தைச் சுளிக்கத் தயாராக ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். அப்புறம் பேசாமல் தட்டை நீட்டினார், இன்னொரு கரண்டி.

"தீர்ப்பு?" என்றார் சித்தி என்னைப் பார்த்து.

அவர் சமையலறையில் முழங்கையை இடித்துக்கொண்டு தைப்பது என்னால்தான். சித்தப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

"வீட்டுக் கீரை. கரண்டி நிறைய. நாலு தட்டுலயும் இருக்கு" என்றேன். "சித்தப்பா ஜெயிச்சாச்சு."

அவர் கத்துவார், கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வருவார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், நேராகச் சமையலறைக்குப் போய்த் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பக்கம் பிடி."

"எங்கே தூக்கறீங்க அதை?" என்றார் சித்தி.

"பால்கனிக்கு."

"பால்கனி உங்களது."

"என்னோடதுதானே? என் பால்கனியில யாரு தைக்கணும்னு நான்தான் சொல்லணும். நீ தை."

நாங்கள் மெஷினைப் பால்கனியில் வைத்தோம். சித்தி முதலில் நம்பாமல் நின்றார், பிறகு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, முழங்கைகளை இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்தார். எதுவும் இடிக்கவில்லை. ஒரு காற்சட்டையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சித்தப்பா ஹாலில் சாய்ந்து உட்கார்ந்தார். பெரியம்மா குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் கண்ணயர்ந்தார்.

பிற்பகல் வெயில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. மெஷின் சத்தம் மெதுவாயிற்று, நின்றது. சித்தி உள்ளே வந்தார். முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிவரை வழிந்திருந்தது, தலைமுடி ஒட்டியிருந்தது. கையில் இருந்த காற்சட்டையில் ஒரு கால் மட்டும் தைத்திருந்தது.

"கீரை ஏன் பூத்துச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றார்.

நேராகக் குளிர்பெட்டிக்குப் போனார், சுவிட்சைப் போட்டார், கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார். வெட்டிய கீரைத் தண்டுகளுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது.

"இந்த மூலையில சன்னல் வெளிச்சமும் இருக்கு. இங்கே மெஷினைப் போட்டா என்ன?"

"போடலாமே. பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வெச்சா போதும்" என்றார் சித்தப்பா. எழுந்துபோய், சித்தியின் தலைக்குப் பின்னால் கதவு சாத்திவிடாமல் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். குளிர் ஹால் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது.